பேனிஷ்ட் விளையாட்டில் வயலை எவ்வளவு பெரிதாகப் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். பகலில் அந்த வயலையும் இரவில் கணினித் திரையில் இன்னொரு வயலையும் பார்ப்பவன் என்பதால், 2014 பிப்ரவரியில் வெளிவந்த பேனிஷ்ட் என்ற ஊர் கட்டும் விளையாட்டைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம். என் அக்கா மகன் தன் கல்லூரி விடுதியில் அதைப் பரப்பிவிட்ட பிறகு தொலைபேசியில் வரும் ஐயங்கள் பெருகிவிட்டன. பத்தில் எட்டு ஐயங்கள் வயலின் அளவைப் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட மொழியிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே ஒருமுறையாக எழுதி வைக்கிறேன்.

மாமா, வயல் போடுறப்ப இழுத்து இழுத்து அளவு வைக்கச் சொல்லுதே, அது என்ன கணக்கு?

இந்த விளையாட்டில் நிலம் முழுவதும் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீடு, கிடங்கு போன்ற கட்டடங்களுக்கு அளவை விளையாட்டே வைத்துவிடுகிறது. வயல், பழத்தோட்டம், மேய்ச்சல் நிலம் போன்றவற்றுக்கு நீள அகலத்தை நாம் முடிவு செய்யலாம். ஒரு வயலின் உச்ச அளவு 15க்கு 15, அதாவது 225 கட்டம். அதற்கு மேல் வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு வயல்தான் போட வேண்டும்.

வயல் போட மரமோ கல்லோ இரும்போ செலவில்லை. அந்த இடத்தில் நிற்கும் மரங்களையும் பாறைகளையும் வேலையாட்கள் அகற்றினால் போதும். செலவில்லாத பொருளை அளவில்லாமல் எடுத்துக்கொள்வது மனித இயல்பு என்பதால், எல்லோரும் முதலில் 15க்கு 15 போட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த முதல் இழுப்பிலிருந்து பிறந்தவை.

முதல் வயலை எவ்வளவு பெருசா போடலாம் அண்ணாச்சி? ஊர்ல ஆளே பத்துப் பேர்தான்.

8க்கு 8 போடுங்கள். அது 64 கட்டம். ஓர் உழவர் தனியாக விதைத்து, தனியாக அறுத்து முடிக்கக்கூடிய அளவு. பத்துப் பேரில் விறகு வெட்ட, வீடு கட்ட, மீன் பிடிக்க, காட்டில் கிழங்கும் காளானும் பொறுக்க ஆட்களை ஒதுக்கிய பிறகு வயலுக்கு மிஞ்சுபவர் ஒருவர் அல்லது இருவர்தான். இருவர் மிஞ்சினால் 64 கட்டத்தில் இரண்டு வயல் போடலாம், அல்லது 12க்கு 10 என்று 120 கட்டத்தில் ஒன்றே போடலாம்.

எளிய நிலையிலோ நடுத்தர நிலையிலோ தொடங்குபவர்களுக்கே இது பொருந்தும். கடின நிலையில் தொடங்கினால் கையில் விதையே இருக்காது. வாணிபக் கூடம் கட்டி, படகில் வரும் வணிகரிடம் ஒரு விதைக்கு 2500 மதிப்புள்ள சரக்கைக் கொடுத்து வாங்கும்வரை வயலைப் பற்றிய கவலையே வேண்டாம்.

ஒரு ஆள் எத்தனை கட்டம் பார்ப்பான்? அதை மட்டும் சொல்லுங்க, மீதியை நானே போட்டுக்கிடுதேன்.

ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 60 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு எங்கும் எழுதிக் காட்டாத இந்தக் கணக்கு, பல ஆண்டுகளாக ஆடுபவர்கள் ஆடி ஆடிக் கண்டது. படித்த உழவர், கையில் நல்ல கருவி, பக்கத்தில் வீடு, பக்கத்தில் கிடங்கு என்று எல்லாம் கூடி வந்தால் அறுபதைத் தாண்டி எழுபதுவரை போகலாம். இவற்றில் இரண்டு குறைந்தாலும் ஐம்பதுக்கு இறங்கிவிட வேண்டும். இதன்படி 64 கட்டத்துக்கு ஒருவர், 120 கட்டத்துக்கு இருவர், 225 கட்டத்துக்கு நால்வர்.

வயல் எவ்வளவு பெரியது என்று கேட்காமல், அது எத்தனை பேருடைய வயல் என்று கேட்டுப் பழகுங்கள். எங்கள் ஊரில் பழைய ஆட்கள் இன்றும் ஒரு நிலத்தை இத்தனை ஏக்கர் என்று சொல்வதைவிட இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று சொல்வார்கள். நிலத்தின் பரப்பை அதில் விழும் விதையால் அளந்த வழக்கம் அது. அதுபோல இந்த விளையாட்டின் வயலை அதில் இறங்கும் ஆளால் அளக்க வேண்டும். ‘ஓராள் வயல்’, ‘ஈராள் வயல்’, ‘நாலாள் வயல்’ என்றே கீழே குறிப்பிடுகிறேன்.

இடம் சும்மாதானே கிடக்கு, பெரிய வயலா போட்டு ஒரு ஆளை விட்டா என்ன கெட்டுப்போகுது? முடிஞ்சதை அறுக்கட்டும்.

அடிக்கடி கேட்கப்படுவதும், கேட்பவர் பதிலை நம்ப மறுப்பதும் இந்தக் கேள்விதான். முடிந்ததை அறுப்பார், மீதி அழியும் என்பதோடு இது நிற்பதில்லை. பெரிய வயலில் ஒரே ஆள் இறங்கும்போது முதலில் விதைப்பே தாமதமாகிறது. இளவேனிலின் தொடக்கத்தில் கால் வைத்தவர் வேனில் முடியும்போதும் விதைத்துக்கொண்டே இருப்பார். விதைப்பு தள்ளிப்போனால் முற்றுவதும் தள்ளிப்போகும். இலையுதிர் காலம் முடிந்து உறைபனி விழுந்ததும் நிற்கும் பயிர் செத்துவிடும். ஆக, 225 கட்டத்தில் ஒருவரை விட்டால் 60 கட்டத்து விளைச்சல் நிச்சயமாகக் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. காலத்தில் முற்றிய 60 கட்டமும் அவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவ நெல் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் செப்டம்பரில் கதிர் தலைசாய்ந்துவிடும். திறப்பது தள்ளிப்போய், நாற்று பாவுவதும் நடுவதும் தள்ளிப்போனால், அறுப்பு போய் ஐப்பசி மழையின் வாயில் நிற்கும். சாய்ந்த கதிர் வயலிலேயே முளை கட்டுவதை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அங்கே மழை செய்வதை இங்கே உறைபனி செய்கிறது. மழை நனைந்த நெல்லைக் காயவைத்து ஏதோ ஒரு விலைக்காவது தள்ளலாம். பனி தின்ற வயலில் கைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது மட்டுமே வேறுபாடு.

நான் தொடக்கத்தில் ஆடியபோது 15க்கு 15 அளவில் நான்கு வயல்களை வரிசையாகப் போட்டு, வயலுக்கு இருவராக எட்டுப் பேரை விட்டேன். திரையில் பார்க்க அம்பாசமுத்திரம் போகும் வழி போல் பச்சைப்பசேல் என்று இருந்தது. முதல் பனியில் பாதிக்கு மேல் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் ஏழு பேர் பட்டினியால் இறந்தார்கள். அதே எட்டுப் பேரை இரண்டே வயல்களில் விட்டிருந்தால் எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். நிலத்தைக் கூட்டியதால் விளைச்சல் குறைந்தது என்பது எழுத்தில் படிக்க முரணாக இருக்கலாம், ஆனால் இந்த விளையாட்டில் அதுதான் நடக்கும்.

அப்போ ஆளைக் கூட்டிட்டா? நாலாள் வயல்ல ஆறு ஆள் விட்டா கூட விளையுமா?

விளையாது. ஒரு வயலில் எத்தனை பேரை விடலாம் என்பதற்கு அதன் பரப்பைப் பொறுத்து விளையாட்டே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்கு உள்ளேயும், எல்லாக் கட்டங்களும் காலத்தில் விதைத்துக் காலத்தில் அறுக்கப்பட்டுவிட்டால் அதற்கு மேல் ஓர் ஆளைச் சேர்ப்பதால் ஒரு கதிர்கூடக் கூடாது. அந்த ஆளைக் கருவி செய்யவோ விறகு வெட்டவோ அனுப்புங்கள்.

என் ஊர்ல இப்ப 40 பேர். எத்தனை வயல் வேணும்னு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

ஒருவர் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 100 அலகு உணவு சாப்பிடுகிறார். 40 பேருக்கு 4000. இதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 800ஐ, கெட்ட ஆண்டுக்காகச் சேர்த்துக்கொண்டால் 4800. இனி உங்கள் வயலில் ஒரு கட்டத்துக்கு எவ்வளவு விளைகிறது என்பது தெரிய வேண்டும். வயலைச் சொடுக்கினால் அதன் விளைச்சல் தெரியும். அதைக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். கணக்கு விளங்குவதற்காக அது 6 என்று வைத்துக்கொள்வோம்.

4800ஐ 6ஆல் வகுத்தால் 800 கட்டம். ஆளுக்கு 60 என்றால் பதின்மூன்று அல்லது பதினான்கு உழவர்கள். இதை ஈராள் வயல்களாகப் போட்டால் 120 கட்டத்தில் ஏழு வயல்கள், பதினான்கு ஆட்கள். நாலாள் வயல்களாகப் போட்டால் மூன்று போதாது, நான்கு மிகுதி. மூன்று நாலாள் வயலும் ஓர் ஈராள் வயலும் சரியாக இருக்கும்.

இதையே திருப்பிப் பாருங்கள். 60 கட்டம், கட்டத்துக்கு 6 என்றால் ஓர் உழவர் விளைவிப்பது 360. அது மூன்று பேர் உண்டு கொஞ்சம் மிச்சமும் வைக்கும் அளவு. அதாவது உழவர் தன்னையும் இன்னும் இருவரையும் தாங்குகிறார். நான்காவது ஆளுக்கு அரை வயிறுக்கு மேல் உண்டு, முழு வயிறு இல்லை. ஊரில் மூன்றில் ஒருவர் வயலில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். மீனும் வேட்டையும் காட்டுப் பொருளும் வரும் ஊரில் இந்தப் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள், ஆனால் வேலை செய்வதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். 40 பேர் என்று மேலே காட்டும் ஊரில் வேலைக்கு 25 பேர்தான் இருக்கக்கூடும்.

சதுரமா போடணுமா, நீளமா போடணுமா?

விளைச்சலைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. 8க்கு 8ம் 4க்கு 15ம் ஏறத்தாழ ஒரே பரப்புதான். இருக்கும் இடம் எப்படியோ அப்படிப் போடுங்கள். ஆற்றங்கரையை ஒட்டி ஒடுங்கிய தரை கிடந்தால் அங்கே நீள வயல் பொருந்தும். அதைச் சதுரமாக்கப் பார்த்தால் இடம் வீணாகும். நீள வயலின் ஒரு கடைசியில் கிடங்கு இருந்தால் மறு கடைசியில் அறுப்பவர் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும் என்பது ஒன்றே குறை. கிடங்கை நீளவாக்கின் நடுவில் வைத்தால் அதுவும் தீரும்.

வீடும் கிடங்கும் எங்க இருக்கணும்? தூரத்துல இருந்தா ரொம்ப பாதிக்குமா?

மிகவும் பாதிக்கும். உழவர் பசித்தால் வீட்டுக்குப் போகிறார், குளிர்ந்தால் வீட்டுக்குப் போகிறார். விளைந்தது கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த நடை எல்லாம் வேலைநேரத்திலிருந்துதான் கழிகிறது. ஊருக்கு மறுகோடியில் வீடு உள்ள ஒருவரை வயலுக்கு விட்டுவிட்டு, ஆளுக்கு 60 கட்டம் என்ற கணக்கு பொய்த்துவிட்டதே என்று என்னிடம் குறைப்பட்டவர்கள் பலர்.

நான் செய்வது இது: நான்கு ஈராள் வயல்களைப் போட்டு, நடுவில் சிலுவை போல் பாதை விட்டு, பாதைகள் கூடும் இடத்தில் ஒரு கிடங்கும், ஓரத்தில் நான்கைந்து வீடுகளும் வைக்கிறேன். ஒரு கிடங்கு 6000 அலகு கொள்ளும். நான்கு ஈராள் வயலின் விளைச்சல் அதில் பாதியளவுதான் என்பதால் சென்ற ஆண்டின் மிச்சத்தின் மேல் இந்த ஆண்டின் விளைச்சலும் அடங்கிவிடும். கிடங்கு நிறைந்துவிட்டால் அறுத்ததை வைக்க இடமின்றி வேலை தேங்கும். அறுப்புக்கு முன்பே கிடங்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். களத்தைச் செதுக்கி மெழுகாமல் எவரும் அரிவாளை எடுத்ததில்லை.

பள்ளிக்கூடம் கட்டினா வயலுக்கு ஆள் குறையுதே, அதுக்குப் பேசாம கட்டாமலே இருந்தா?

சிறிது காலம் ஆள் குறையும் என்பது உண்மை. பள்ளிக்குப் போகாத பிள்ளை சீக்கிரமே வேலைக்கு வந்துவிடும். போகும் பிள்ளை சில ஆண்டு தள்ளி வரும். ஆனால் படிக்காத உழவரின் விளைச்சல் படித்தவரின் விளைச்சலைவிடக் குறைவு. அவர் வாழ்நாள் முழுவதும் அந்தக் குறை தொடரும்.

ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர், 20 மாணவர். மக்கள்தொகை முப்பதைத் தாண்டி, கிடங்கில் ஓராண்டு உணவு சேர்ந்த பிறகு கட்டுங்கள். அதுவரை இருக்கும் வயல்களை ஆளுக்கு 50 கட்டம் என்ற கணக்கில் ஓட்டுங்கள். பள்ளி கட்டிய ஆண்டில் புது வயல் எதுவும் போடாதீர்கள்.

பூச்சி விழுந்து எல்லா வயலும் ஒரே நேரத்துல போச்சு மாமா. சின்னச் சின்னதா போட்டா தப்பிக்கலாமா?

சின்னதாகப் போடுவது மட்டும் போதாது, பயிரையும் மாற்ற வேண்டும். நோயும் பூச்சியும் பக்கத்து வயலில் அதே பயிர் இருந்தால் அங்கும் தாவும். பத்து வயலிலும் அவரையே போட்டிருந்தால் பத்து சிறு வயலும் ஒரு பெரு வயலும் ஒன்றுதான். ஒரே ரகத்தைக் கண்ணுக்கு எட்டிய தூரம் நட்டுவிட்டுப் புகையான் பூச்சி வந்த ஆண்டில் தலையில் கை வைத்தவர்கள் எங்கள் பக்கமும் உண்டு.

ஈராள் வயலை நான் விரும்புவதற்கு இதுவே பெரிய காரணம். நாலாள் வயல் ஒன்று போனால் ஊரின் உணவில் கால் பங்கு போகிறது. அதே பரப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மக்காச்சோளமும் மற்றதில் முட்டைகோசும் போட்டிருந்தால் இழப்பு பாதியோடு நிற்கும். விளையாட்டில் வரப்புக்கு இடம் விட வேண்டியதில்லை என்பதால் வயலைப் பிரிப்பதில் பரப்பு இழப்பு இல்லை. நம் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரித்து, வரப்பிலேயே பாதி போய், அறுவடை இயந்திரம் திரும்பக்கூட இடமில்லாமல் வயல் சிறுத்துப் போகிறதே, அந்தத் தொல்லை இங்கே கிடையாது.

எந்தப் பயிர் போட்டா நல்லது?

கையில் எந்த விதை இருக்கிறதோ அது. அவரை, முட்டைகோசு, மக்காச்சோளம், மிளகாய், உருளைக்கிழங்கு, பூசணி, கோதுமை என்று எதைப் போட்டாலும் வயிறு நிறையும். ஆனால் தானியம், காய், பழம், புரதம் என்று நான்கு வகையும் கிடைத்தால்தான் மக்களின் உடல்நலம் குன்றாமல் இருக்கும். எனவே காய் மட்டுமே விளைவித்தால், மக்காச்சோளத்துக்கோ கோதுமைக்கோ விதை வாங்குவதை அடுத்த செலவாக வைத்துக்கொள்ளுங்கள். நெல் இல்லையா என்று கேட்காதவர் இல்லை; நெல் இந்த விளையாட்டில் இல்லை.

வருஷா வருஷம் ஒரே வயல்ல ஒரே பயிர் போட்டா மண்ணு சத்துப் போயிராதா?

இந்த விளையாட்டில் போகாது. மண்வளம் என்ற கணக்கே இதில் இல்லை. தொழுவுரம், தரிசு, பயிர்ச்சுழற்சி எதுவும் தேவையில்லை. தண்ணீர் பாய்ச்சும் கணக்கும் இல்லை என்பதால் தலைமடை, கடைமடைச் சண்டையும் இல்லை. பயிரை மாற்றச் சொல்வது முன்பு சொன்ன பூச்சிக்காக மட்டுமே.

அறுவடைப் பொத்தான்னு ஒண்ணு இருக்கே, அதை எப்ப அமுக்கணும்?

பயிர் முற்றியதும் உழவர்கள் தாங்களாகவே அறுக்கத் தொடங்குவார்கள். முற்றும் முன்பே தொடங்கச் சொல்வது அந்தப் பொத்தான். அமுக்கினால் அந்த நேரத்தில் எவ்வளவு விளைந்திருக்கிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். ஆகவே ஆள் கணக்குச் சரியாக உள்ள வயலில் அதைத் தொடவே வேண்டாம்.

ஆள் குறைவான வயலில், இலையுதிர் காலம் தொடங்கிவிட்ட நிலையில், பயிர் முக்கால் பங்குக்கு மேல் வந்திருந்தால் அமுக்கலாம். முழுதும் முற்றட்டும் என்று காத்திருந்தால் அறுக்கும் நாள்கள் போதாமல் பாதி பனியில் போகும்; முன்பே தொடங்கினால் சற்று இளசாக இருந்தாலும் எல்லாம் வீடு வந்து சேரும். கடுங்குளிர் நிலையில் ஆடுபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஆனால் ஆண்டுதோறும் இதை அமுக்க வேண்டி வருகிறது என்றால் உங்கள் வயல் பெரிதாகிவிட்டது என்று பொருள். விளையாட்டில் வயலைச் சுருக்க முடியாது. குளிர்காலத்தில் அதை இடித்துவிட்டுச் சிறிதாகப் புதிதாகப் போடுங்கள்.

உழவங்க எல்லாம் குளிர்காலத்துல சும்மாதானே இருக்காங்க, அவங்களை எடுத்துட்டு வேற வேலைக்கு விடலாமா?

அவர்கள் சும்மா இருப்பதில்லை. வயலில் வேலை இல்லாதபோது உழவர்கள் தாமாகவே பொது வேலையாட்களாக மாறி, மரம் வெட்டவும் கல் சுமக்கவும் கட்டுமானத்துக்குப் பொருள் கொண்டுபோகவும் செய்கிறார்கள். ஆகவே பெரிய மரவெட்டையும் புது வயலுக்கான நிலத் திருத்தத்தையும் குளிர்காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

கையால் அவர்களை வேறு தொழிலுக்கு மாற்றினால், இளவேனிலில் திருப்பி மாற்ற மறந்துவிடுவீர்கள். நான் மறந்திருக்கிறேன். விதைப்புக் காலத்தில் வயல் வெறுமையாகக் கிடப்பதை வேனிலின் நடுவில்தான் கவனித்தேன்.

போன வருஷம் 700 வந்த வயல்ல இந்த வருஷம் 450தான். ஆளும் அதே, அளவும் அதே. என்னதான் நடக்குது?

‘ஆளும் அதே’ என்பதைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். எண்ணிக்கை அதேதான், ஆள் அதே ஆளா? முதியவர் இறந்தால் அவருக்குப் பதில் விளையாட்டு வேறொருவரை வயலில் வைக்கிறது. அவர் படிக்காதவராக இருக்கலாம், ஊரின் மறுகோடியில் வீடு உள்ளவராக இருக்கலாம். இறந்தது இலையுதிர் காலத்தின் நடுவில் என்றால் பதில் ஆள் நடந்து வந்து சேர்வதற்குள் நல்ல நாள்கள் கழிந்திருக்கும்.

அது இல்லையென்றால் கருவியைப் பாருங்கள். கொல்லுப் பட்டறையில் இரும்பு தீர்ந்து, கருவி தேய்ந்து உடைந்தவர்கள் மெதுவாக வேலை செய்வார்கள். எங்கோ இருக்கும் பட்டறையின் குறை வயலில் தெரிவதால் எவரும் எளிதில் கண்டுபிடிப்பதில்லை. அதுவும் சரியாக இருந்தால், குளிர் காய வீட்டில் விறகு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு பனி வந்த நாள்: எல்லா ஆண்டும் ஒரே நாளில் குளிர் இறங்குவதில்லை. நகர மன்றம் கட்டியிருந்தால் உற்பத்தி எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதை அங்கே பார்க்கலாம். எல்லா வயலும் ஒரே ஆண்டில் இறங்கியிருந்தால் காரணம் குளிரோ கருவியோதான். ஒரு வயல் மட்டும் இறங்கியிருந்தால் அந்த வயலின் ஆளைத் தேடுங்கள்.

ஏலே, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற வயல் எத்தனை சென்ட்ல இருக்கும்?

இதைக் கேட்டவர் என் பெரியப்பா. திரைக்குப் பின்னால் நின்று ஒரு பருவம் முழுவதையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கேட்டார். கட்டத்தைச் சென்ட்டாக மாற்ற வழி இல்லை. ஆனால் வயிற்றுக் கணக்கில் சொல்லலாம்: கட்டத்துக்கு 6 என்று மேலே வைத்த கணக்கில், 225 கட்டம் 1350 அலகு தரும், பதின்மூன்று பேர் ஓராண்டு சாப்பிடுவார்கள்.

“பதிமூணு பேருக்கு நாலு பேர் உழுகானா? மாடு இல்லையா?” என்று அடுத்து கேட்டார். மேய்ச்சல் நிலத்தில் மாடு உண்டு, ஆனால் இறைச்சிக்கும் தோலுக்கும் மட்டும்தான்; அதை ஏரில் பூட்ட முடியாது. ஓர் ஆளுக்கு 60 கட்டம்தான் என்று இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். விளையாட்டை உருவாக்கியவர் அப்படி நினைத்தாரோ இல்லையோ, அந்த விளக்கத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

மேனர் லார்ட்ஸ், ஆனோ 1800 இதுலயும் இதே அறுபது கணக்கு ஓடுமா?

எண் ஓடாது. 2024 ஏப்ரலில் முன்னோட்டப் பதிப்பாக வந்த மேனர் லார்ட்ஸில் பெரியப்பா கேட்ட மாடு இருக்கிறது. காளையைப் பூட்டி உழலாம். அங்கே வயல் கட்டங்களால் ஆனதன்று, நான்கு மூலைகளையும் நாமே விருப்பப்படி வைக்கலாம். ஏர் ஒவ்வொரு சாலின் முடிவிலும் திரும்ப வேண்டியிருப்பதால் அகலம் குறைந்த நீள வயலில் உழவு விரைவாக முடியும். சதுரமா நீளமா என்ற கேள்விக்கு இங்கே சொன்ன பதில் அங்கே மாறிவிடுகிறது. மண்வளமும் அங்கே உண்டு. ஆண்டுதோறும் விதைத்தால் வளம் குறையும், தரிசு போட்டால் தேறும். ஆகவே உணவுக்கு இரண்டு வயல் வேண்டுமென்றால் மூன்று போட்டு, ஒன்றைச் சுழற்சியில் தரிசாக விட வேண்டும். வயலைச் சிறிதாகப் பிரித்து வைப்பது அங்கும் நல்லதே, ஏனென்றால் ஒரு பெரிய வயலை உழுது முடிப்பதற்குள் குளிர்காலம் வந்துவிடும்.

ஆனோ 1800 வேறு வகை. ஒரு பண்ணைக்கு எத்தனை கட்டம் என்பதை அந்த விளையாட்டே முடிவு செய்கிறது: உருளைக்கிழங்குப் பண்ணைக்கு 72, தானியப் பண்ணைக்கு 144. பனியும் இல்லை, அறுவடைக் கெடுவும் இல்லை. அங்கே நம் வேலை அத்தனை கட்டங்களையும் தீவின் மூலை முடுக்குகளில் அடக்குவது மட்டும்தான் என்பதால், அளவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அங்கே கேட்க ஒன்றுமில்லை.

கடைசியா ஒண்ணு. மக்கள்தொகை 200 ஆன பிறகும் ஈராள் வயலாவே போட்டுக்கிட்டு இருக்கணுமா? இருபது முப்பது வயலை யார் பார்க்கிறது?

நியாயமான கேள்வி. மேலே போட்ட கணக்கின்படி 200 பேரும் வயலையே நம்பியிருந்தால் முப்பதுக்கு மேல் ஈராள் வயல் வேண்டும். அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பது தொல்லைதான். அந்த அளவில் ஊர் நிலைத்து, பள்ளி ஓடி, கருவிகள் குறையாமல் இருக்கும்போது நாலாள் வயலுக்கு மாறலாம். நானும் நூற்றைம்பது பேருக்கு மேல் போனால் புதிதாகப் போடுபவற்றை 15க்கு 15 அளவிலேயே போடுகிறேன். பழைய ஈராள் வயல்களை இடிப்பதில்லை.

ஆனால் பெரிய ஊரில் முதியவர்கள் கூட்டமாக இறக்கும் ஆண்டு ஒன்று வரும். ஒரே காலத்தில் வீடுகள் கட்டி, ஒரே காலத்தில் பிள்ளைகள் பிறந்து, ஒரே காலத்தில் மூப்படைந்த தலைமுறை அது. அந்த ஆண்டில் உழவர் எண்ணிக்கை சட்டென்று விழும்போது, எல்லா வயலிலும் ஆள் குறைய விடாதீர்கள். சில வயல்களை முழுவதுமாகக் கைவிட்டு, அவற்றின் ஆட்களை எடுத்து மற்ற வயல்களை நிரப்புங்கள். பதினாறு பேர் வேண்டிய நான்கு நாலாள் வயலுக்குப் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள் என்றால், இரண்டு வயலில் நால்வர் நால்வராக விட்டு, எஞ்சிய இருவரை ஒரு பழைய ஈராள் வயலில் விடுங்கள். மற்ற இரண்டு வயலிலும் அந்த ஆண்டு புல் முளைக்கட்டும்.